குடிசையை விட்டு வராத பையன்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ, உன் வீட்டுக்காரி, உன் பெண் வாலு மூன்று பேரும் சுகமா? அங்கே குளிர் குறைந்ததா?

போனை ஏன் எடுக்கவில்லை என்று நீ திட்டி அனுப்பிய செய்திகள் எல்லாம் வந்தன. தொண்டை டாக்டர் என் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார். குரல் வரும் இடத்தில் ஒரு தடிப்பு இருக்கிறதாம். டப்பிங் நேரம் தவிர ஒரு வார்த்தை பேசக்கூடாது. "வாய் சும்மா இருக்காதுன்னா எழுதுங்கம்மா" என்றார். அதனால் காகிதம் வாங்கினேன். போனில் எழுதினால் நீ அடுத்த நொடியே பதில் கேட்பாய், அந்த வேகத்துக்கு நான் வரமாட்டேன். தபாலிலேயே போகட்டும்.

நாலு வருடமாக நான் குரல் கொடுக்கும் கார்ட்டூன் பொடியனுக்கு இப்போது கெட்ட காலம். வாலுவிடம் முன்கூட்டியே உளறிவிடாதே. திருட்டுப் போன வெளிச்சத்தை மீட்டுவர மலைக்கு அந்தப் பக்கம் புறப்பட்டான் இல்லையா, வழியில் கயிற்றுப் பாலம் அறுந்து அவனுடைய வாயாடிக் கழுதை பள்ளத்தில் போய்விடுகிறது. பையன் தப்பிவிடுகிறான். அதற்குப் பிறகு ஒரு குடிசைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரவே பயப்படுகிறான். சண்டை கிடையாது, பறப்பது கிடையாது. அழுகையும் நடுக்கமும்தான். நாற்பத்தாறு வயதில் நான் பத்து வயதுப் பையனாக அழவேண்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள், என் விஷயத்தில் அது அப்படியே நடக்கிறது.

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. வர முடியவில்லையே என்று இன்னும் உருகிக்கொண்டிருக்காதே. தூக்கத்திலேயே போனார். அப்படிப் போக எத்தனை பேருக்குக் கொடுத்துவைக்கும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் தொண்டை தேறவேண்டும்.

அக்கா பேசாமல் இருக்கிறாள் என்றதும் என் வீட்டுக்காரி, "உங்க அக்காவா? வேற யாரையோ சொல்றீங்க" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உன் குரல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமையாகவே இல்லை.

வேலை அதேதான். ஊரில் இருக்கும் லிஃப்டெல்லாம் குளிர் காலத்தில்தான் மக்கர் பண்ணும். லிஃப்ட் ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டு வெளியே வந்தால் விரல் பத்தும் மரத்துப்போகிறது. குடியிருப்புக் காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை. இப்போது நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவைக் கோட்டைவிட்டேன்.

நீ அன்றைக்குப் போனில் சொன்னது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. உன் குரல் அவ்வளவு கம்மியிருந்தது. இப்போதுதான் எழுதுகிறாயே, ஒரு தடவை எழுதேன். எந்த அறையில் படுத்திருந்தார்? எந்தப் பக்கம் திரும்பி? யார் முதலில் பார்த்தது? எனக்கு மனதில் ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் நானாக ஏதேதோ வரைந்துகொள்கிறேன்.

பொடியனிடம் தைரியமாக இருக்கச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் விரல்களுக்குக் கம்பளி உறை வாங்கிக்கொள், அலட்சியம் வேண்டாம்.

எங்கள் வேலையில் மூச்சு டிராக் என்று ஒன்று இருக்கிறது, உன்னிடம் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. வசனம் எல்லாம் முடிந்த பிறகு வெறும் மூச்சை மட்டும் தனியாகப் பதிவு செய்வார்கள். ஓடுகிற மூச்சு, விழுகிற மூச்சு, விம்மல், ஏக்கம். நல்லதாக அமைந்ததைச் சேமித்து வைத்துக்கொண்டு வேறு படங்களுக்கும் எடுத்து ஒட்டுவார்கள். மூச்சுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்று ஒரு பெயர் எனக்கு.

போன வாரம் குடிசைக் காட்சி. பயத்தில் பையனுக்கு மூச்சு முட்டுகிறது. நான் கொடுத்தேன். டைரக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அழகா இருக்கு மேடம், ஆனா நடிப்புன்னு தெரியுது" என்றார். இன்னொன்று கொடுத்தேன். அதுவும் நடிப்புதான் என்றார். விளக்கை அணைத்துவிட்டு, கதவை இறுக்கமாகச் சாத்திவிட்டு, இன்னொரு தடவை போகலாம் என்றார்.

அது ஓகே ஆகிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். சவுண்ட் இன்ஜினியர், "இதை வெச்சுப் பத்து படம் ஓட்டலாம்" என்றார். நான் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ கேட்டாயே, அப்பா அவருடைய அறையில்தான் படுத்திருந்தார். வலது பக்கம் திரும்பி.

உன் அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். வலது பக்கம் என்று எழுதினாயே, அது போதும். இரண்டு வரி என்றாலும் எனக்கு நிம்மதி.

உன் பொடியனைப் பார்த்துவிட்டு வாலு கடுப்பில் இருக்கிறாள். "அத்தைகிட்ட சொல்லி அவனை வெளிய வரச் சொல்லுப்பா, ரொம்ப போர் அடிக்குது" என்கிறாள். இங்கே தொடர் சில வாரம் பின்தங்கித்தான் வருகிறது. இப்போதுதான் குடிசைக்குள் போயிருக்கிறான்.

பயந்தவர்களை எப்படிச் சமாளிப்பது என்று அந்த டைரக்டர் என்னிடம் கேட்டிருக்கலாம். மாசத்துக்கு நாலு பேராவது லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு வக்கீல். வெளியே புலி மாதிரி இருப்பார் போல. உள்ளே கதவைப் பிராண்டிக்கொண்டு அழுகிறார். பயப்படாதே என்று மட்டும் சொல்லக்கூடாது, சொன்னால் பயம் இரட்டிப்பாகும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பிள்ளைகள் எத்தனை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், இப்படி. திறந்துவிட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். லிஃப்டில் மாட்டி யாரும் செத்ததாகச் சரித்திரமே இல்லை அக்கா. இடுக்கு வழியாகக் காற்று தாராளமாக வரும். பயம்தான் ஆளை அடிக்கும். இதைச் சொல்லி நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

டாக்டர் எத்தனை வாரம் என்று சொன்னார்? உன் போன் இப்போது அணைந்தே கிடக்கிறதே.

உன் தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை. டாக்டர் இன்னும் கொஞ்சநாள் பேசவேண்டாம் என்கிறார்.

வாலுவிடம் சொல், பையனுக்கு வெளியே வர ஆசைதான். காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் வருகிறான். தாழ்ப்பாளில் கை வைத்ததும் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. திரும்பப் போய் உட்காருகிறான். கழுவின தம்ளரையே கழுவுகிறான். நெஞ்சு படபடக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் கையை முக்கி வைத்துக்கொள்கிறான், அது கொஞ்சம் அடங்குகிறது. எல்லா ஜன்னலையும் திறந்தே வைத்திருக்கிறான். மழை உள்ளே அடித்தாலும் சாத்துவதில்லை.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தில் நீ நலம் என்ற வார்த்தையைக் காணோம்.

வாலு கூர்ந்து பார்க்கிறவள். வந்தவரைக்கும் எல்லா வாரத்தையும் திரும்பப் போட்டுப் பார்த்தோம். "தம்ளர் கழுவுற சீனே இல்லைப்பா. குடிசைல ஜன்னலே இல்லை" என்கிறாள். நானும் தேடினேன். இல்லை.

சரி, அதை நான் கிளறப்போவதில்லை. பையனைப் பற்றியே பேசுவோம். பையன் சாப்பிடுகிறானா? தூங்குகிறானா? யாராவது வந்து எட்டிப் பார்க்கிறார்களா? அவனுக்கு வெட்கமாக இருந்தால் முழுசாகச் சொல்லவேண்டாம், பாதி சொன்னாலும் நான் புரிந்துகொள்வேன். சின்ன வயதில் நான் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு அழுதபோது என்னை யாருக்கும் காட்டிக்கொடுக்காதவள் நீ. எனக்கு ஸ்க்ரூ என்று பெயர் வைத்ததோடு சரி.

பதில் எழுது. இரண்டு வரி போதும்.

தம்பி


மே 21

அன்புள்ள ஸ்க்ரூவுக்கு,

நீ சுகமா?

பையன் ரொட்டி சாப்பிடுகிறான், பால் குடிக்கிறான். படுத்தால் நெஞ்சை அடைக்கிறது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறான். எதிர்வீட்டு டீச்சர் அவ்வப்போது கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவர் நல்லவர். பையன் தொண்டையைக் காட்டிச் சைகை செய்துவிடுவான்.

டப்பிங்குக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாகப் போன அன்றைக்குப் பக்கத்து அறையில் வேறு ஒரு கார்ட்டூனுக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொடுத்த அந்த மூச்சை எடுத்து ஒரு தடிக்கரடிக்கு வைத்திருந்தார்கள். கரடி தேன் திருடப்போய் மரப்பொந்தில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒலி நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. நான் படியில் இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன், பையைக்கூட எடுக்கவில்லை.

டைரக்டர் ஆள் அனுப்பியிருந்தார். கடைசி வாரம் மட்டும் பாக்கி இருக்கிறது. அதில் பையன் குடிசையை விட்டு வெளியே வரவேண்டும். செப்டம்பருக்குள் நான் வராவிட்டால் வேறு குரல் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வைத்துக்கொள்ளட்டும். டப்பிங் அறையின் அந்தப் பஞ்சு வைத்த கதவு சாத்திக்கொள்ளும்போது ஒரு சத்தம் வரும், அதை நினைத்தாலே எனக்கு ஆகவில்லை.

'பையனுக்கு' என்றுதான் எழுத நினைத்தேன், 'எனக்கு' என்று வந்துவிட்டது. சரி, அது அப்படியே இருக்கட்டும்.

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

நேற்று இங்கே அந்த வாரம் வந்தது. பையனுக்கு மூச்சு முட்டும் காட்சி.

வாலு என் மடியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் பையன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். சின்னதாக இரண்டு இழுப்பு. பிறகு நீளமாக ஒன்று, அதன் கடைசியில் மெல்லிய விசில். பிறகு ஒன்றும் இல்லை. செத்துவிட்டானோ என்று நினைக்கும்போது தொண்டைக்குள் ஒரு "ம்". யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரு "ம்".

அக்கா, அது அப்பா.

மூச்சிழுப்பு வரும் நாளெல்லாம் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், நான் அவர் முதுகை நீவிவிட்டபடி பக்கத்தில் இருப்பேன். அந்த மூச்சை எனக்குத் தெரியாதா? ஆனால் கடைசியில் வந்த அந்தப் பெரிய இடைவெளியை நான் கேட்டதில்லை. நீ கேட்டிருக்கிறாய். கேட்காத ஒன்றை உன்னால்கூடச் செய்ய முடியாது.

வாலு, "அத்தை சூப்பரா பண்றாங்கப்பா, திரும்பப் போடு" என்றாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அப்பா தூக்கத்தில் போகவில்லை. வலது பக்கமும் இல்லை, இடது பக்கமும் இல்லை. இழுப்புக்காரர் படுக்கவே மாட்டாரே, அதை எப்படி நான் நம்பினேன்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவைத்தாய், நானும் சாப்பிட்டேன். உன்மேல் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. நான் தூரத்தில் இருக்கிறேன் என்பதற்காக இனி எனக்கு எதையும் சலித்து அனுப்பாதே. கல்லோடும் மண்ணோடும் எழுது.

தம்பி


ஜூலை 6

அக்காவுக்கு,

என் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. நான் கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேனோ என்று வீட்டுக்காரி கேட்கிறாள். எழுதியதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நீ எழுத முடியாத நிலையில் இருந்தால் எழுதவேண்டாம். வெறும் காகிதத்தை உறையில் போட்டு அனுப்பு. இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

தம்பி


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

அன்றைக்குக் காலையிலேயே அப்பாவுக்கு இழுப்பு அதிகம். இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. வண்டிக்குச் சொல்லிவிட்டேன், கீழே வந்து நின்றது. சட்டையைத் தானாகவேதான் போட்டுக்கொண்டார். ஆறாவது மாடியில் லிஃப்டில் ஏறினோம். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் அது நின்றுவிட்டது.

மணியை அழுத்தினேன். வாட்ச்மேன் ஓடிவந்தார். லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்திருப்பதாகச் சொன்னார். வந்துகொண்டிருக்கிறார்கள், வந்துகொண்டிருக்கிறார்கள் என்றே வெளியே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதே. அப்பா தரையில் உட்கார்ந்து என்மேல் சாய்ந்துகொண்டார். நான் கதவு இடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன். என் தொண்டை அன்றைக்குத்தான் போனது. "கத்தினீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது தொழில் அப்படி என்று சொன்னேன். அவர் பேசாதே என்று சொன்னதும் ஒரு மாதத்துக்குத்தான். மற்ற மாதங்களை நானே சேர்த்துக்கொண்டேன்.

நீ எழுதினாயே, லிஃப்டில் மாட்டி யாரும் செத்ததில்லை என்று. அந்த வரியைப் படித்த அன்றைக்கு வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நீ வேண்டுமென்று எழுதவில்லை. உனக்கு எப்படித் தெரியும்?

உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் லிஃப்ட் மட்டும் இல்லை. அப்பா பேசினார். நடுவில் ஒரு தடவை மூச்சு கொஞ்சம் இலேசானபோது கதவைப் பார்த்தபடி சொன்னார்: "நம்ம ஸ்க்ரூ இருந்தா இந்நேரம் தொறந்திருப்பான்." வருத்தமாகச் சொல்லவில்லை தம்பி. பெருமையாகச் சொன்னார், பக்கத்தில் நிற்பவரிடம் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகு பேசவில்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் அந்த "ம்" மட்டும்.

இதை எப்படி உனக்குச் சொல்வேன்? கல்லோடும் மண்ணோடும் கேட்டாய். கொடுத்துவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

கடிதம் வந்தது.

திறந்திருப்பேன் அக்கா. அப்பா சொன்னது சரி. இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிஃப்டைக் கையால் இறக்கிக் கதவைத் திறப்பது எங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. அந்த வக்கீலுக்குத் திறந்துவிட்டேன். யார் யாருக்கோ திறந்துவிட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஒரு கட்டடத்தில் வேலை. கருவிப் பையோடு லிஃப்ட் முன்னால் நின்றேன். கதவு திறந்தது, மூடியது, திறந்தது. என் கால் உள்ளே போகவில்லை. மேஸ்திரி, "என்னய்யா, முதலிரவுப் பொண்ணு மாதிரி நிக்கிற?" என்றார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதிலிருந்து வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்காரிக்கு வயிறு என்றுதான் தெரியும்.

நீ சொல்லியிருக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நான்தான் கேட்டேன். பதில் எழுத அவசரமில்லை.

தம்பி


செப்டம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எதிர்வீட்டு டீச்சர் கதவைத் தட்டினேன். வாய் திறந்து, "என்கூட ஒரு இடத்துக்கு வர்றீங்களா?" என்று கேட்டேன். குரல் கரகரவென்று ஆம்பிளைக் குரலாக வந்தது. அந்த அம்மா பயந்தே போய்விட்டார். என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். தொண்டை டாக்டர் இல்லை, மனசுக்குப் பார்க்கிறவர். இரண்டு தடவை போயிருக்கிறேன். மாத்திரை தந்திருக்கிறார். அதைவிட அங்கே உட்கார்ந்து பேசிவிட்டு வருவது எனக்குக் கொஞ்சம் ஆகிறது. தூக்கம் இன்னும் சரியில்லை. பொய் சொல்லமாட்டேன், லிஃப்டில் நான் இன்னும் ஏறவில்லை. படிதான்.

நேற்று டப்பிங்குக்குப் போனேன். கதவைச் சாத்தினால் திரும்பிப் போய்விடுவேன் என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு நாற்காலியை வைத்துக் கதவை முட்டுக்கொடுத்தார், நடையில் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளத் தானே போய் நின்றுகொண்டார். தெருவில் போன வண்டியின் ஹாரன் பதிவில் விழுந்துவிட்டது. இருக்கட்டும் என்றார். குடிசையை விட்டு வந்ததும் பையன் சிங்கம் மாதிரி முழங்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு முழக்கம் வரவில்லை. "கை இன்னும் நடுங்குது, இருந்தாலும் போறேன்" என்று அடித்தொண்டையில் சொல்லிவைத்தேன். அதையே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. உன்னிடம் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உன் மூச்சை வாங்கித்தான் எனக்கு வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. இதற்குப் பயந்துதான் அத்தனை மாதமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடிப் பயனில்லை. வயிறு என்று வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருக்காதே. தொண்டை என்று நான் சொல்லி என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். இன்றைக்கே அவளிடம் சொல். என் எழுத்தையே கொடு, படிக்கட்டும்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும், அன்றைக்கு நான் உனக்குப் போன் செய்வேன். என் குரல் உனக்கு அடையாளம் தெரியாமல் போகலாம், வைத்துவிடாதே. உன்னால் பேச முடியாவிட்டால் பேசவேண்டாம். எடு, அது போதும்.

உன் அக்கா